இன்ஜின் ஆறுகிற வரைக்கும்

அந்த ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீங்க அண்ணே. துணியைப் போட்டுத் திறந்தாலும் அதே கதைதான், கையும் துணியும் சேர்ந்து வேகும். சூட்டு முள் சிவப்பில் நின்றது என்று நீங்களே சொன்னீங்க. அப்புறம் என்ன அவசரம். முக்கால் மணி நேரம் ஆகும், ஆறட்டும். அந்த டயர் மேல் உட்காருங்க. வேட்டியில் கறுப்பு ஒட்டாது, பழைய டயர்தான்.

ஆள் எங்கே என்று பார்க்கிறீங்க. நான்தான் ஆள். மாமா ஈரோட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறார். ஜாபர் அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறார். அவர்கள் இருந்தாலும் ரேடியேட்டர் என்றால் என்னிடம்தான் விடுவார்கள். நம்பிக்கை இல்லை என்றால் சங்ககிரி பைபாஸில் இன்னும் நாலு பட்டறை இருக்கிறது, தாராளமாகப் போகலாம். ஆனால் அதுவரைக்கும் உங்கள் வண்டி போகாது.

கொஞ்சம் ஒழுகியது, அப்புறம் தானாக நின்றுவிட்டது என்றீங்க. தானாக நின்றுவிட்டதா. சரி. திறந்து பார்ப்போம்.

என் பேர் தாரணி. பதினேழு முடியப் போகிறது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். இதைச் சொன்னவுடன் எல்லாரும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்கிறார்கள், நீங்களும் வைக்காதீங்க. வீட்டில் கஷ்டம், அப்பா இல்லை, அதனால் விட்டேன் என்றெல்லாம் இல்லை. அப்பா இல்லைதான், ஆனால் அதனால் விடவில்லை. பிடிக்கவில்லை, விட்டேன். எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க என்னால் முடியாது. இங்கே படுத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

செங்கோடன் மாமா, இந்தப் பட்டறைக்காரர், என் அம்மாவுடைய தம்பி. நான் வந்த முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: "ஒரு வாரம் பாரு அம்மணி. நகம் ஒடஞ்சா நீயே ஓடிருவ." நகம் உடைந்தது. நான் ஓடவில்லை. அந்த நகத்துக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு பாலிஷ் வீட்டில் சும்மா கிடந்தது. அதைப் பட்டறைக்கு எடுத்து வந்துவிட்டேன். நான் ஒரு நட்டை இறுக்கினால் நட்டு மேலும் அதை ஒட்டிய இரும்பு மேலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பேன். நட்டு துளி அசைந்தாலும் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கே தோன்றியது. ஜாபர் அண்ணன் கேட்பார், "என்ன தாரணி, வண்டிக்கு வளைகாப்பா?" கேட்டால் கேட்கட்டும்.

என்னை இங்கே சேர்த்துவிட்டதே என் அண்ணன்தான். பூபதி. அதைச் சொல்லாமல் விட்டால் கதை சரியாக இருக்காது. எனக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித் தந்தது அவன். மாமா யோசித்தபோது அவரிடம் சண்டை போட்டதும் அவன். "என் தங்கச்சி செஞ்ச வண்டிய நான் ஓட்டுறேன் மாமா. கவுந்தா நான்தானே கவுறேன், உங்களுக்கென்ன" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். இதே இடத்தில்.

அவன் ஓட்டியது அர்த்தநாரி என்கிறவருடைய வண்டி. பத்து வீல் லாரி. அவரை நாங்கள் ஓனர் என்போம். அவருடைய வண்டிகள் மூன்றும் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். ஆடி மாதத்தில் அண்ணன் வண்டி ரேடியேட்டரில் இன்ஜினை ஆற்றுகிற கூலன்ட் மாற்ற வேண்டி இருந்தது. மாமா முதல் தடவையாக என்னைத் தனியாக விட்டார். முழு வேலையும் நான். யாரும் பக்கத்தில் வரவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை.

ஆறவிட்டு மேல் மூடியைத் திறந்தேன். கீழே பேசினை வைத்துப் படுத்து அடித் திருகான டிரெயின் காக்கைத் திருப்பினேன். மேல் மூடி மூடியிருந்தால் கீழே சொட்டுச் சொட்டாகத்தான் வரும், திறந்திருந்தால்தான் ஊற்றும். இது தெரியாமல் அடியில் படுத்துக்கொண்டு காக்கைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய கூலன்ட் டிகாஷன் மாதிரி வந்தது. அதைக் கேனில் ஊற்றி மூடி வைத்தேன். இனிக்கும் அது, நாய் குடித்தால் செத்துவிடும். பிறகு சுத்தத் தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி வடித்தேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை வந்த தண்ணீரில் மூஞ்சி கழுவலாம். சும்மா சொல்லவில்லை, கழுவினேன். ஜாபர் அண்ணன் சாட்சி. அப்புறம் பச்சைக் கூலன்ட் ஊற்றி, காக்கை இறுக்கி, சிவப்புக் கோடு இழுத்தேன். அன்றைக்கு ஜாபர் அண்ணன்கூட ஒன்றும் கேலி பேசவில்லை.

மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் வண்டியை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்தான். மறுநாள் விடிவதற்குள் ஓசூர் லோடு. முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதுசாகக் கட்டினான். உள்ளே வந்து, "தாரணி, செத்த வந்து கீழ பாரேன். சொட்டுற மாதிரி இருக்கு" என்றான். நான் அப்போதுதான் கை கழுவிவிட்டுப் படுத்து போனை எடுத்தேன். "நாள் பூரா வண்டிக்கடியில படுத்துட்டு வர்றேன், வீட்லயும் படுக்கணுமா? காலைல மாமாகிட்ட விடு" என்றேன். "நாலு மணிக்குக் கிளம்பணும்" என்றான். "அப்பத் திரும்பி வந்து விடு" என்றேன். அவ்வளவுதான். போய்விட்டான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை விடுங்க, அது வேறு விஷயம். சொல்ல வந்தது மறுநாள் நடந்ததை.

புதன்கிழமை காலையில் அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டது. "மஞ்சத்தூள் டப்பா காலி. போன வாரந்தான் வாங்குனேன். ஏன்டி, மூஞ்சிக்குப் பூசுறியா? பூசு பூசு, கிரீஸாவது போகட்டும்." நான் மூஞ்சிக்குச் சோப்புப் போடுவதே ஜாபர் அண்ணன் சோப்பைத்தான், துணி துவைக்கிற பார் சோப்பு. நான் எடுக்கவில்லை என்றேன். "பின்ன எலி எடுத்துச்சா" என்றது. என்னையே கடைக்கு அனுப்பியது. போய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு வந்தேன். காலை நேரத்தில் ஒரு அம்மா மகளைத் திட்டுவதில் யார் என்ன பார்ப்பார்கள்.

பதினோரு மணிக்கு மாமாவுக்கு போன். தொப்பூர் மேட்டில் ஏறும்போது முள் எகிறி, புகை வந்து, வண்டி நின்றுவிட்டது. சூட்டில் இன்ஜின் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. மறுநாள் இன்னொரு லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். ஓனர் காரில் பின்னாலேயே வந்தார். அண்ணன் கேபினிலிருந்து இறங்கினான். எப்போதும் இறங்கியவுடன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டுவான். அன்றைக்கு நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போனான்.

"என்னடா ஆச்சு, ஒழுங்காச் சொல்லு" என்றார் ஓனர்.

"கடைசியாக் கூலன்ட் மாத்துனது இங்கதானுங்க. காக் லூசா விட்டிருக்காங்க. வழி நெடுக ஒழுகிருக்கு, நான் பாக்கல" என்றான்.

விட்டிருக்காங்க. யாரோ மூன்றாம் மனுசர் மாதிரி.

"யார் இறுக்குனது?" என்றார் ஓனர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்காத ஆள் ஒருத்தன்தான், அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு சொம்புத் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிக்கிற மனுசனை நான் பார்த்ததில்லை.

ஓனர் சொன்னார், "பொட்டப்புள்ள கையில காக் வேலையக் குடுத்தா இப்பிடித்தான் செங்கோடா. கை இறுகுமா அதுக்கு? என் வண்டி இந்தப் பட்டறைக்கு வரணும்னா இந்தப் புள்ள இங்க இருக்கக் கூடாது. யோசிச்சுக்க."

மாமா யோசிக்கவே இல்லை அண்ணே. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு நிமிடம் யோசித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். "ஊட்டுக்குப் போ அம்மணி" என்றார். "மாமா, கோட்டைப் பாருங்க, என் கோடு ஒடஞ்சிருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். "கோடு கீடுன்னுட்டு. போன்னா போ" என்றார். குனியக்கூட இல்லை. ரேடியேட்டர் அவர் முட்டிக்கு முன்னால்தான் இருந்தது.

வாசல் வரைக்கும் அண்ணன் பின்னால் வந்தான். "ரெண்டு மாசம் போவட்டும் தாரணி. நான் மாமாகிட்டப் பேசிக்கிறேன்" என்றான். அவன் எனக்காகப் பேசுகிறான் என்று நினைத்து நான் தலையாட்டினேன். தலை வேறு ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. கண்ணில் டீசல் பட்டிருந்தது. அம்மா தட்டில் சோறு போட்டு வைத்து, என் முதுகைத் தடவி, "விடு கண்ணு. பட்டற ஒண்ணுதான் உலகமா? பதினொண்ணாவத முடி, தையல் பழகு" என்றது. அம்மா என் முதுகைத் தடவி ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வரும்.

ராத்திரி தூங்கவில்லை என்று சொல்ல மாட்டேன், தூங்கினேன். காலையில் எழுந்ததும் ஒன்றுதான் தோன்றியது. காக் லூசு என்றால் கோடு உடைந்திருக்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். உடைந்திருந்தால் நானே பட்டறைப் பக்கம் வர மாட்டேன், தையலுக்கே போகிறேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ரேடியேட்டரை வடிக்க வேண்டும். ஜாபர் அண்ணன் பேசினோடு நின்றார். ஓனரும் வந்திருந்தார், அண்ணனும் இருந்தான். "என் சாமான எடுத்துட்டுப் போக வந்தேன்" என்று மாமாவிடம் சொன்னேன். அது பொய் இல்லை, பாலிஷ் பாட்டில் என்னுடையது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஜாபர் அண்ணன் கையிலிருந்து பேசினை வாங்கிக்கொண்டு அடியில் படுத்துவிட்டேன். பேசினை அவர் இறுக்கிப் பிடித்த மாதிரியும் எனக்குத் தெரியவில்லை.

கோடு உடையவில்லை. ஒரு முடி அளவு விலகவில்லை. நான் இழுத்தது எப்படியோ அப்படியே இருந்தது, கொஞ்சம் மண் மட்டும் ஒட்டியிருந்தது.

"மாமா, கோடு ஒடையல" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

"ஒடையாமத்தான் இருக்கும், பின்னால போட்டிருப்ப" என்றார் ஓனர். "எப்ப வந்து போட்டேன்? தொப்பூர்ல வந்தா?" என்று கேட்டேன். மாமா, "வாய மூடிட்டு வடி" என்றார். வடி என்றுதான் சொன்னார், எழுந்திரு என்று சொல்லவில்லை. சரி என்று மேல் மூடியைத் திறக்கச் சொன்னேன். ஜாபர் அண்ணன் திறந்தார்.

லூசாக விட்ட காக்கைப் பிளையர் போட்டுத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் ஒன்றும் வரவில்லை. மூடி திறந்திருக்கிறது, ஒரு சொட்டு இல்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்தினேன். கொழகொழவென்று ஒரு கட்டி விழுந்தது, அதன் பின்னால் ஊற்றியது. பச்சை ஊற்றிய ரேடியேட்டர் அண்ணே. வந்தது சிவப்பு. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டில் இருக்குமே, அந்த நிறம். பேசின் முக்கால்வாசி நிறைந்தது.

"வழி நெடுக ஒழுகிருச்சுன்னா இது எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். "நான் தொப்பூர்ல தண்ணி ஊத்துனேன்" என்றான் அண்ணன். டக்கென்று சொன்னான், தயாராக வைத்திருந்த மாதிரி. மாமா பேசினை எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். "துரு. உள்ள அரிச்சிருக்கு. கொண்டுட்டுப் போய்க் கொட்டு" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் மூஞ்சி கழுவிய ரேடியேட்டர். அதற்குள் துருவா. முப்பது வருசமாக ரேடியேட்டரைப் பார்க்கிறவருக்குத் துரு எது என்று தெரியாதா. இதை நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்பேன் ஒருநாள்.

கையில் அந்தக் கட்டி ஒட்டியிருந்தது. பார் சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை, இன்னும் செக்கச் சிவந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. ஆனி மாதம் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்தவள் நான்தான். மஞ்சளில் சுண்ணாம்பு போட்டதும் என் கை இப்படித்தான் ஆனது. பத்தாம் வகுப்பில் டீச்சர் ஒரு மஞ்சள் தாளை வைத்து ஏதோ செய்தும் காட்டினார். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சளாகும் என்று. நான் அன்றைக்கு ஜன்னல் வழியாக லாரி எண்ணிக்கொண்டிருந்தேன். எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. கூலன்ட்டும் சோப்பு மாதிரிதான் போலிருக்கிறது.

புளிப்புக்கு எங்கே போவேன். நிமிர்ந்தால் வண்டி முன்னால் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை அண்ணன் கட்டியது. பிய்த்தேன்.

"அட, கண்ணு கழிக்கக் கட்டுன பழம் தாரணி, தொடாத. ஊட்டுக்கு ஆகாது" என்றார் ஜாபர் அண்ணன். ஆகாதுதான். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியவில்லை.

வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அந்தக் கட்டியை அதில் தேய்த்தேன். ரத்தம் மாதிரி இருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்து, பழத்தைக் கடித்துப் பிழிந்தேன். சாறு பட்ட இடமெல்லாம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பத்து எண்ணுவதற்குள் பளிச்சென்று மஞ்சள். சமையல் மஞ்சள்.

உங்களுக்குத் தெரியாததா. ரேடியேட்டரில் ஊசி ஓட்டை விழுந்தால் டிரைவர்கள் மஞ்சள்தூள் போடுவார்கள். தூள் ஊறிப் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பூன் போட்டுப் பக்கத்துப் பட்டறை வரைக்கும் உருட்டலாம். ஒரு டப்பா முழுக்கக் கொட்டினால் ஓட்டை மட்டுமா அடைக்கும், குழாய் எல்லாம் அடைக்கும். தண்ணீர் சுற்றாது. மேடு ஏறும்போது இன்ஜின் வேகாமல் என்ன செய்யும்.

ஓனர் துணியை வாங்கி மோந்து பார்த்தார். "என்னடா பூபதி இது, சாம்பாரா வெச்ச?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான். "ஒரு சொட்டுதானுங்க ஒழுகுச்சு. எல்லாரும் போடுறதுதானுங்க" என்றான் அண்ணன். ஓனர் கையை நீட்டினார். அண்ணன் சாவியை எடுத்து அதில் வைத்தான். ஆறு வருசம் அந்தச் சாவி அவன் இடுப்பில் இருந்தது.

அவன் போகும்போது என் பக்கத்தில் வந்தான். "எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாமில்ல" என்றான்.

"நீ எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாம்" என்றேன்.

"உனக்கென்ன தாரணி. நாளைக்குக் கல்யாணம் பண்ணிட்டுப் போற புள்ள. இது இல்லன்னா இன்னொண்ணு. எனக்கு வண்டி இல்லன்னா என்ன இருக்கு?"

நான் அவனை அடித்திருப்பேன், கையில் கூலன்ட் இருந்தது. ஓட்டையை மறைத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. என் வேலையை எடை போட்டிருக்கிறான் பாருங்க. தன்னுடையதை ஒரு பக்கம் வைத்து, என்னுடையதை ஒரு பக்கம் வைத்து, இது லேசு, இது போனால் போகட்டும் என்று. என்னை இங்கே கொண்டு வந்து விட்டவனே அவன்தான், அப்படியும்.

துணியை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. அம்மாவாவது என் பக்கம் நிற்கும் என்றுதான் போனேன், வேறு எதற்கும் இல்லை. துணியை முறத்துக்குப் பக்கத்தில் விரித்து, "பாரு, உன் மகன் ரேடியேட்டர்ல இருந்து வந்தது" என்றேன்.

அம்மா துணியைப் பார்த்தது. கீரைத்தண்டை உடைத்துக்கொண்டே சொன்னது: "ஒரு டப்பா போதும்னுதான் சொன்னான்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீயா குடுத்த?"

"உன்னக் கூப்புட்டான். நீ வல்ல. எங்கிட்டக் கேட்டான். குடுத்தேன்."

"அப்ப காலைல என்னத் திட்டுனது?"

"டப்பா காலின்னு நீயாப் பாத்தாக் கேப்ப. அதான் முந்திக்கிட்டேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னது தெரியுமா. இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரி. அப்படியானால் வியாழக்கிழமை என் முதுகைத் தடவினபோதே அதுக்குத் தெரியும். நான் சோறு தின்னும்போது தெரியும். தையல் பழகு என்று சொல்லும்போது தெரியும். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்குத்தான்.

அதற்கப்புறம் அம்மா ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டது. உன்னைக் கூப்பிட்டான், நீ வரவில்லை, கூப்பிட்டான், வரவில்லை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்க. நாளெல்லாம் அடியில் படுத்துவிட்டு வந்தவள், ஒரு தடவை எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு தடவை. சொட்டுற மாதிரி இருக்கு என்றானே தவிர சொட்டுது என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்திருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் என்ன தெரிந்திருக்கும்.

தெரிந்திருக்கும், அந்த இடத்தில் தெருவிளக்கு இருக்கிறது. அது வேறு விஷயம்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க.

அண்ணன் இப்போது ரிக் வண்டியில் இருக்கிறான். திருச்செங்கோட்டு வண்டி, சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடுகிறார்கள். எட்டு மாதத்துக்கு ஒருதரம்தான் ஊர். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் வரும், அம்மா வெளியே போய்ப் பேசும். என்னிடம் கொடுக்காது, நானும் கேட்க மாட்டேன். வீட்டில் மஞ்சள்தூள் தீர்ந்தால் என்னை அனுப்புவதில்லை. தானே போய் வாங்கி வருகிறது. நான் பார்க்கும்படியாக டப்பாவில் கொட்டுகிறது.

மாமாவா. திங்கட்கிழமை ஜாபர் அண்ணனை அனுப்பி வரச் சொன்னார். வந்தேன். வேறு எங்கே போவேன். பேசினைக் காலால் என் பக்கம் தள்ளி, "அந்த வண்டிய வடி" என்றார். அவ்வளவுதான். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் ரேடியேட்டர்னா அந்தப் புள்ளைகிட்டப் போங்க என்கிறார். அதை அவர் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஓனர் வண்டிகளும் இங்கேதான் வருகின்றன. அவர் என்னிடம் பேச மாட்டார், வண்டியிடம் பேசுகிற மாதிரி பேசுவார்.

பாலிஷ் மட்டும் மாற்றிவிட்டேன். இப்போது நீலம். சிவப்பு என்றால் கண் தப்பாகப் பார்க்கிறது.

இருங்க, தொட்டுப் பார்க்கிறேன். ம். ஆறிவிட்டது. புறங்கை தாங்குகிறது என்றால் திறக்கலாம். அந்தப் பேசினைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. நாயைத் துரத்திவிடுங்க, அது இங்கேயே சுற்றும்.

திறப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்கிறேன் அண்ணே. எல்லாரிடமும் கேட்பேன், உங்களை மட்டும் இல்லை. ஒழுகினது தானாக நின்றுவிட்டது என்றீங்களே. உள்ளே ஏதாவது போட்டீங்களா. மஞ்சள், புகையிலை, எதுவாக இருந்தாலும் சரி. இப்போது சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்த மாதிரி கழுவுவேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இல்லையா.

சரி, சொல்ல வேண்டாம். உங்கள் வண்டியிலும் எலுமிச்சம்பழம் தொங்குகிறது.